அலுவலகக் கருவியும் வகுப்பறை அளவுகோலும்

எந்தக் கருவியையும் அது பிறந்த இடத்தின் அளவுகோலால் அளந்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஸ்லாக், டீம்ஸ், டிஸ்கார்ட் போன்ற குழு உரையாடல் தளங்கள் வகுப்பறைக்குள் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றைப் பற்றிய மதிப்பீடுகளில் இன்னும் அலுவலகக் கேள்விகளே கேட்கப்படுகின்றன: மின்னஞ்சல் குறைந்ததா, பதில் விரைந்து வந்ததா, எல்லாரும் ஒரே இடத்தில் கூடினார்களா. மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். ஒரு நிறுவனத்துக்கு அந்த 'ஆம்' போதும். வகுப்புக்கு வேறொரு கேள்வி வேண்டும். ஒரு மாணவரின் ஐயம் வகுப்பு முழுவதன் உடைமையாக மாறுகிறதா? கேட்டவர் பதில் பெற்றுப் போனபின், கேட்கத் துணியாதவரும் தாமதமாகப் படிக்க உட்காருபவரும் அந்தப் பதிலைக் கண்டெடுக்க முடிகிறதா? இங்கே நான் கைக்கொள்ளும் அளவுகோல் அதுதான். விரைவும் வசதியும் அழகும் அதற்குக் கீழேதான் வரும்.

இத்தளங்கள் அலுவலகத்திலிருந்து கல்விக்கு வந்தவை என்பது வழக்கமான பேச்சு. வரலாறு கொஞ்சம் வேறு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பில் 1973இலேயே இரண்டு வடிவங்கள் தோன்றிவிட்டன. ஒன்று டாக்கோமேடிக்: பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பேசிக்கொள்ளும் அரட்டை. மற்றது டேவிட் வூலி எழுதிய நோட்ஸ்: ஒருவர் ஒரு பொருள் பற்றிக் குறிப்பிட, மற்றவர்கள் அதன் அடியிலேயே மறுமொழி சேர்க்கும் பலகை. ஒரே ஆண்டில் ஒரே அமைப்புக்குள் பிறந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு கொள்கைகள். அரட்டை, பேச்சைக் காலத்தால் அடுக்குகிறது. பலகை, பொருளால் அடுக்குகிறது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவற்றை இந்த இரு குடும்பங்களில் ஒன்றில் வைத்துவிடலாம். 1988இல் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினென் எழுதிய ஐ.ஆர்.சி. அரட்டைக் குடும்பம், 2002இல் வெளிவந்த மூடில் கற்றல் தளத்தின் விவாத மன்றம் பலகைக் குடும்பம். கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்த குழு, தன் உள்வேலைக்காக ஐ.ஆர்.சி.யைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கருவியிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்லாக். 2012 இறுதியில் விளையாட்டு மூடப்பட்டது. 2014 பிப்ரவரியில் கருவி சந்தைக்கு வந்தது. சேனல் எனப்படும் அதன் பேச்சறைகளின் பெயருக்கு முன்னால் இன்றும் நிற்கும் ஹாஷ் குறி ஐ.ஆர்.சி. குலத்தின் முத்திரை.

நிறையில் தொடங்குவோம், அது சிறியதன்று. நம் கல்லூரிகளில் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது விடுப்பு விண்ணப்பம் எழுதும் வேலைக்குக் குறைந்ததில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, துறை, பிரிவு, பதிவெண் எல்லாம் சொல்லி, நடுவில் ஒரு வரி ஐயத்தைச் செருகி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தாக வேண்டும். அந்த ஒரு வரிக்காக அத்தனை பாடுபடப் பலருக்கு மனம் வராது. வகுப்பில் எழுந்து நின்று கேட்கவோ வேறு வகைத் துணிவு வேண்டும். சேனல் இந்த இரண்டு தடைகளையும் இறக்கிவிடுகிறது. 'மூணாவது கணக்குல லூப் ஏன் ஒன்னுல தொடங்குது?' என்று ஒற்றை வரியில் கேட்டுவிடலாம். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு இன்னொரு மாணவரே பதில் சொல்லும் வாய்ப்பும் இங்கே மிகுதி. ஆசிரியருக்கு மட்டும் போகும் மின்னஞ்சலில் அதற்கு இடமே இல்லை. அறுபது 'ஓகே சார்'களை ஒரு கட்டைவிரல் குறியின் பக்கத்து எண்ணாகச் சுருக்கும் எதிர்வினை வசதியும் உண்டு. இதை அற்பம் என்று ஒதுக்குபவர், வாட்ஸப் குழுவில் தேர்வு அட்டவணையைத் தேடி மேலே மேலே தள்ளிப் பார்த்திராதவர்.

இன்னொரு நிறையும் அடிக்கடி சொல்லப்படுகிறது: நாளை வேலைக்குப் போகும் மாணவர்கள் இன்றே ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் பழகிக்கொள்கிறார்கள் என்பது. இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சேனலில் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். ஒரு பிற்பகலில் கற்கக்கூடியதைப் பாடத்திட்டத்தின் பயனாகக் காட்டுவது விற்பனைத் தாளின் மொழி.

மதிப்பிடும் முறையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பருவ இறுதியில் மாணவர்களிடம் 'இந்தத் தளம் பிடித்திருந்ததா' என்று கேட்டு, வந்த விழுக்காட்டை வெற்றி என்று அறிவிப்பது ஒரு முறை. எத்தனை செய்திகள் பரிமாறப்பட்டன என்று எண்ணுவது இன்னொரு முறை. இரண்டுமே அளக்க எளிதானதை அளக்கின்றன. காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் எழுத்துவழிக் கணினி உரையாடலை ஆராய்வதற்கென்றே கால் நூற்றாண்டுக்கு முன் வகுத்த சட்டகம் மூன்று இருப்புகளைப் பிரித்துக் காட்டியது: சமூக இருப்பு, அறிதல் இருப்பு, கற்பித்தல் இருப்பு. செய்தி எண்ணிக்கை முதலாவதை மட்டுமே ஓரளவு காட்டும். சமூக இருப்பில் ஸ்லாக்குக்கும் டிஸ்கார்டுக்கும் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஒரு ஐயம் கேள்வியாகக் கூர்மைப்பட்டு, பலர் கைபட்டு, ஒரு முடிவில் வந்து நிற்பதுதான் அறிதல் இருப்பு. அங்கேதான் இந்தத் தளங்கள் தடுமாறுகின்றன. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தளத்தின் வடிவத்திலேயே அவை இருக்கின்றன.

முதல் காரணம் நினைவு. ஸ்லாக்கின் இலவசத் திட்டம் முன்பு அண்மைய 10,000 செய்திகளை மட்டும் காட்டியது. 2022 செப்டம்பரிலிருந்து அந்த வரம்பு அண்மைய 90 நாட்கள் என்று மாறியது. 2024இல் இன்னும் இறுகியது: இலவசத் தளங்களில் ஓராண்டைத் தாண்டியவை நிரந்தரமாக அழிக்கப்படும் என்றானது. இந்த எண்களை ஒரு வகுப்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஜார்ஜியா டெக்கில் அசோக் கோயல் நடத்திய செயற்கை அறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 300 மாணவர்கள். ஒரு பருவத்தில் அவர்களுடைய விவாதப் பலகையில் சேர்ந்தவை ஏறத்தாழ 10,000 பதிவுகள். அந்த வகுப்பு ஸ்லாக்கின் பழைய இலவசத் திட்டத்தில் நடந்திருந்தால், ஒரே பாடம் ஒரே பருவத்தில் முழு ஒதுக்கீட்டையும் தின்று தீர்த்திருக்கும். கோயல் குழுவினர் 2016இல் மாணவர் ஐயங்களுக்குப் பதில் சொல்ல ஜில் வாட்சன் என்ற நிரலை அந்தப் பலகையில் இறக்கினார்கள். முந்தைய பருவங்களில் சேர்ந்த பல பத்தாயிரம் கேள்வி பதில்கள் அழியாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. பலகைக் குடும்பத்தின் சேமிப்பு அது.

90 நாள் என்ற புதிய வரம்பு நம் பருவ முறைக்கு இன்னும் பொருந்தாதது. ஜூலையில் தொடங்கும் பருவத்துக்குத் தேர்வு நவம்பரிலோ டிசம்பரிலோ வருகிறது. முதல் அலகில் எழுந்த ஐயங்கள், அவற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டிய 'ஸ்டடி ஹாலிடே' நாட்களில் சரியாக மறைந்துபோயிருக்கும். அரியர் வைத்திருப்பவர் நிலை அதைவிட மோசம். அவர் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அதே பாடத்துக்குத் திரும்பி வருகிறார். வகுப்பு நடந்தபோது பின்தங்கியவருக்குத்தான் அந்தப் பழைய உரையாடல் எல்லாரைவிடவும் தேவை; அவருக்குத்தான் அது கிடைக்காது. மென்பொருள் குழு ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய பேச்சு பெரும்பாலும் குப்பை. வகுப்புக்கு அதுவே பாடநூலின் மறுபாதி. கட்டணத் திட்டத்தில் இந்தக் குறை இல்லை என்பதையும், தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு 85 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு, ஆட்கள் நிலைத்திருக்கும் நிறுவனத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. வகுப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் மொத்தமாக மாறுகிறார்கள். ஒரு மாணவர் ஐந்து பாடத்துக்கு ஐந்து தளங்களில் உறுப்பினராகிறார். தள்ளுபடியை யார் கேட்டு வாங்குவது, எந்தத் துறையின் பெயரில் என்ற கேள்வியிலேயே பருவம் பாதி ஓடிவிடும். பெரும்பாலான ஆசிரியர்கள் இலவசத் திட்டத்தில் தாங்களே ஒரு தளத்தைத் திறந்துவிடுகிறார்கள். எனவே மதிப்பீடும் அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

நினைவு இருந்தாலும் அது ஒழுங்கோடு இருக்க வேண்டும். இங்கேதான் அரட்டைக் குடும்பத்தின் மரபணு வெளிப்படுகிறது. ஒரு சேனலில் மூன்று பேர் மூன்று ஐயங்களை ஐந்து நிமிட இடைவெளியில் எழுப்பினால், பதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதைச் சரிசெய்ய ஸ்லாக் 2017 ஜனவரியில் ஒரு செய்திக்கான மறுமொழிகளை அதன் கீழேயே கோக்கும் த்ரெட் வசதியைக் கொண்டுவந்தது. அது பாதித் தீர்வு. த்ரெட்டில் எழுதுவது அவரவர் விருப்பம். ஒருவர் மறந்து வெளியே எழுதினால் இழை அறுந்தது. அதைவிடப் பெரிய குறை, த்ரெட்டுக்குத் தலைப்பு கிடையாது. 'சார் ஒரு டவுட்' என்று தொடங்கிய த்ரெட்டுக்குள் அருமையான விளக்கம் ஒன்று இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 'சார் ஒரு டவுட்' மட்டுமே.

தேடல் பெட்டி இருக்கிறதே என்பார்கள். தேடல், தேடுபவருக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. புரியாதவருக்கு முதலில் தெரியாதது அந்தக் கலைச்சொல்தான். நம் மாணவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுபவர்கள். 'எப்போது' என்ற ஒரு சொல்லையே ஒரே வகுப்பில் நான்கு எழுத்துக்கூட்டலில் காணலாம். அவற்றில் ஒன்றைத் தட்டினால் மற்ற மூன்றும் வராது. தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் வேற்றுமை உருபும் புணர்ச்சியும் சொல்லின் வாலை மாற்றிவிடுகின்றன. தேடலை நம்பி ஒழுங்கைக் கைவிடலாம் என்ற வாதம் ஆங்கிலத்தில் எழுதும் அலுவலகங்களில் ஓரளவு செல்லும், இங்கே செல்லாது.

இந்த இடத்தில் ஜூலிப்பைத் தனியாக நிறுத்தி எடைபோட வேண்டும். இந்தத் துறையில் வடிவம் குறித்து உண்மையாகச் சிந்தித்த தளம் என்று நான் கருதுவது அதைத்தான். அதன் வேர் எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் 1980களில் உருவான செஃபிர் செய்தி அமைப்பில் இருக்கிறது. அதாவது மறுபடியும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். 2014இல் டிராப்பாக்ஸ் ஜூலிப்பை வாங்கியது. 2015இல் அது திறமூல மென்பொருளாக வெளிவந்தது. ஜூலிப்பில் சேனலுக்குள் எழுதப்படும் செய்தி ஒரு தலைப்பின்கீழ் எழுதப்படுகிறது. தலைப்பு விருப்பத்துக்கு விடப்பட்ட அலங்காரமாக இல்லாமல் அமைப்பின் தூணாக இருக்கிறது. அலகு இரண்டின் சேனலில் 'தற்சுழற்சிச் சார்பு எங்கே நிற்கிறது' என்று ஒரு தலைப்பும் 'ஒப்படைப்பு 3, கேள்வி 2' என்று இன்னொரு தலைப்பும் அருகருகே ஓடலாம். ஒன்று மற்றதன் மேல் ஏறி மிதிக்காது. அரட்டையின் வேகத்தையும் பலகையின் அடுக்கையும் ஒரே உடலில் பொருத்திய வடிவம் இது.

அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, தவறான தலைப்பில் எழுதப்பட்ட செய்திகளை ஆசிரியர் எடுத்துச் சரியான தலைப்பின்கீழ் வைக்க முடிவது. 'சார் ஒரு டவுட்' என்ற தலைப்பை 'சுட்டிக்கும் அணிக்கும் என்ன வேறுபாடு' என்று மாற்றிவிடலாம். அந்த நிமிடத்தில் அது ஒருவருடைய ஐயமாக இருந்த நிலை மாறி, வகுப்பின் கேள்வியாகிறது. கணிதக் குறியீடுகளை ஒழுங்காகக் காட்டும் லேடெக் வசதி உள்ளேயே இருக்கிறது. தொகையீட்டுக் குறியைக் கையால் எழுதி, படமெடுத்து, கோணலாகப் பதிவேற்ற வேண்டியதில்லை. கல்லூரியின் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளவும் முடியும்.

குறையும் உண்டு. தலைப்பிட்டு எழுதும் கட்டுப்பாடு, சேனல் எதை எளிதாக்கியதோ அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவருகிறது. தன் ஐயத்துக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவருக்கு ஐயம் பாதி தீர்ந்துவிட்டது; பெயர் வைக்கத் தெரியாதவர் தலைப்புப் பெட்டியைப் பார்த்து நின்றுவிடுகிறார். சர்வரை யார் பராமரிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது: ஆர்வமுள்ள இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் நிறுவுவார், அவர் வேறு கல்லூரிக்குப் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். முதல் வாரத்தில் 'இதுக்கு வாட்ஸப்பே போதுமே சார்' என்ற எதிர்ப்பையும் எதிர்கொண்டாக வேண்டும்.

அடுத்தது அதிகாரம். குழு என்ற கருத்தே சமநிலையை முன்வைக்கிறது. மேலாளர் இருப்பார், ஆனாலும் எல்லாரும் ஒரே வேலையை முடிக்கக் கூடியவர்கள். வகுப்பில் ஒருவர் மற்ற அறுபது பேருக்கும் இன்டர்னல் மார்க் போடுபவர். அவர் படிக்கும் இடத்தில், தன் பெயரோடும் படத்தோடும், 'முதல் வகுப்பிலிருந்தே எனக்கு எதுவும் புரியவில்லை' என்று எழுத எத்தனை பேர் முன்வருவார்கள்? சேனல் வாசல்படியைத் தாழ்த்துகிறது என்று மேலே சொன்னேன். அது ஏற்கெனவே வாசல்வரை வந்தவர்களுக்கு. வாசலுக்கே வராதவர்கள் தனிச்செய்திக்குப் போகிறார்கள். தனிச்செய்தியில் ஆசிரியர் ஒரே விளக்கத்தை ஏழு பேருக்கு ஏழு முறை எழுதுகிறார். எட்டாவது ஆளுக்கு அது தெரியவே தெரியாது. என் அளவுகோலின்படி இந்தத் தளங்களின் மிகக் கடுமையான தோல்வி இதுதான். ஐயம் தீர்கிறது, வகுப்பின் உடைமையாகவில்லை.

இந்தத் தோல்வியை முன்கூட்டியே உணர்ந்து கட்டப்பட்டது பியாஸா. அதைத் தொடங்கிய பூஜா சங்கர் ஐ.ஐ.டி. கான்பூரில் கணினியியல் படித்தவர்; அந்த வகுப்பின் மிகச் சில பெண்களில் ஒருவர். ஆண் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டு வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டிருக்க, தான் கூச்சத்தால் தனியாகப் போராடியதை அவரே பேசியிருக்கிறார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது 2009இல் இந்தத் தளத்தை உருவாக்கினார். சக மாணவர்களுக்குப் பெயர் தெரியாமல் கேட்கும் வசதி அதன் மையத்தில் இருப்பது தற்செயல் இல்லை. ஒரு கேள்விக்கு மாணவர் பதில் என்று ஒரே ஒரு பெட்டி. அதை எல்லாரும் சேர்ந்து திருத்தலாம். ஆசிரியர் பதிலுக்குத் தனிப் பெட்டி. மாணவர் பதில் சரியாக இருந்தால் ஆசிரியர் ஒப்புதல் முத்திரை இட்டுவிட்டுப் போய்விடலாம். இருபது செய்திகளாகச் சிதற வேண்டியது ஒரே பத்தியாகத் திரள்கிறது. கற்பித்தல் சூழலைப் புரிந்துகொண்ட வடிவமைப்பு என்றால் இதைத்தான் சொல்வேன். குறை இல்லாமலும் இல்லை: பியாஸாவில் நட்பு வளராது, அரட்டைச் சூடு கிடையாது, யாரும் அங்கே சும்மா போய் உட்காருவதில்லை. மாணவர் விவரங்களை வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்களோடு இணைத்து வருவாய் தேடிய அதன் வணிக முறையும் நியாயமான ஐயங்களை எழுப்பியது. ஸ்லாக்கிடம் இல்லாதது பியாஸாவிடமும், பியாஸாவிடம் இல்லாதது ஸ்லாக்கிடமும் இருக்கிறது. ஆனால் இரண்டும் சம எடையுள்ளவை அல்ல. சூட்டை வகுப்பறையும் கேன்டீனும் தந்துவிடும். பெயர் தெரியாமல் கேட்கும் பாதுகாப்பை வேறெதுவும் தராது.

டீம்ஸுக்கு வருவோம். 2017இல் வெளியான இந்தத் தளம், போட்டியாளர்களில் வகுப்பு என்பதைத் தனி வகையாக ஏற்று ஒப்படைப்பு, மதிப்பெண், வகுப்புக் குறிப்பேடு ஆகியவற்றை உள்ளே கொண்டுவந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அடிப்படைத் திட்டம் இலவசம். நிறுவன மின்னஞ்சலோடு கணக்கு வருவதால் யார் யார் என்ற குழப்பமில்லை, தொலைபேசி எண் வெளியாவதில்லை. நிர்வாகியின் கண்ணில் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். உரையாடல் என்று பார்த்தால் கடைசிக்கு அருகே. கூட்டம், கோப்பு, ஒப்படைப்பு, பேச்சு எல்லாம் தனித்தனித் தாவல்களில் கிடக்க, பேச்சு ஓர் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. மாணவர்கள் ஒப்படைப்பைப் போட உள்ளே வருகிறார்கள், போட்டதும் வெளியே போகிறார்கள். வகுப்பைப் பற்றி அதிகம் யோசித்த தளம், வகுப்பின் பேச்சைப் பற்றிக் குறைவாக யோசித்திருக்கிறது. டிஸ்கார்ட் இதற்கு நேர் எதிர். 2015இல் விளையாட்டுக்காரர்களுக்காக வந்தது. பேச்சு வழிகிறது, பழைய செய்திகள் இலவசமாகவே நிலைக்கின்றன, குரல் அறையில் நால்வர் உட்கார்ந்து சேர்ந்து நிரல் எழுதலாம். ஆனால் அங்கே மாணவர் தன் விளையாட்டுப் புனைபெயரோடும் விளையாட்டு நண்பர்களோடும் இருக்கிறார், ஆசிரியர் விருந்தாளி. யார் எந்தப் பதிவெண் என்று கண்டுபிடிக்கவே ஒரு பட்டியல் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் நிழலாக நம் ஊரில் நிற்பது வாட்ஸப். அது குழு உரையாடல் தளம் என்ற வகையில் சேராது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 2020 மார்ச்சில் கல்வி நிறுவனங்கள் மூடியபோது பாடம் போய்ச் சேர்ந்த வழிகளில் முதன்மையானது அதுதான். கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கிறது, குறைந்த டேட்டாவில் ஓடுகிறது, பெற்றோருக்கும் தெரியும். அந்த நெருக்கடியில் அதன் பயனைக் குறைத்துப் பேசுவது நேர்மையற்றது. நெருக்கடி முடிந்தபின்னும் அது நிலைத்ததற்கு அதே நியாயம் இல்லை. வாட்ஸப் குழுவில் சேர்ந்த கணத்தில் ஒரு மாணவியின் தொலைபேசி எண் அறுபது பேருக்குப் போய்ச் சேர்கிறது. கல்லூரி எந்தப் படிவத்திலும் அவரிடம் இதற்கு ஒப்புதல் கேட்டிருக்காது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவருக்கு, இயல்பான அமைப்பில் அதற்கு முன் பேசியது எதுவும் தெரியாது. அறிவிப்பு, பண்டிகை வாழ்த்து, முன்னனுப்பிய காணொளி, கட்டண நினைவூட்டல் எல்லாம் ஒரே ஓடையில். நீல டிக் விழுந்துவிட்டதால் 'பார்த்துவிட்டுப் பதில் சொல்லவில்லை' என்ற குற்றச்சாட்டு இரு பக்கமும். ஸ்லாக் இப்படிப் படித்த அடையாளத்தைக் காட்டுவதில்லை. சிறியதானாலும் பண்பான தேர்வு அது.

இன்னோர் உண்மையையும் சேர்த்தால்தான் மதிப்பீடு முழுமையாகும். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு குழுக்கள் உண்டு: கிளாஸ் ரெப் நடத்தும் அதிகாரபூர்வக் குழு ஒன்று, சார் இல்லாத குழு ஒன்று. உண்மையான ஐயங்கள் இரண்டாவதில்தான் எழுகின்றன. தவறான விடைகள் திருத்துவார் இல்லாமல் பரவுவதும் அங்கேதான். எந்தத் தளத்தைக் கொண்டுவந்தாலும் அந்தக் குழு கலையாது, கலையவும் வேண்டியதில்லை. ஆசிரியர் பார்க்காத இடம் மாணவர்களுக்குத் தேவை. ஆனால் அதிகாரபூர்வத் தளத்தின் தரத்தைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான சோதனை இல்லை: சார் இல்லாத குழுவில் விவாதித்து முட்டி நின்ற ஐயத்தை யாராவது தூக்கிக்கொண்டு சார் இருக்கும் தளத்துக்கு வருகிறார்களா? வருகிறார்கள் என்றால் தளம் வேலை செய்கிறது. வாழ்த்துகளும் 'நோட்டட் மேம்'களும் மட்டும் வருகின்றன என்றால், அது இலக்கமுறை அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கார்டின் சொந்த விதியே குறைந்தது 13 வயது கேட்கிறது. 2023ஆம் ஆண்டின் இந்திய இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகள் என்று வகுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. விதிவிலக்குகளுக்கு அதில் இடமிருந்தாலும், ஒரு வகுப்பாசிரியர் தன் விருப்பப்படி திறந்த தளத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனிச்செய்தி வசதியோடு விட்டுவைப்பதற்கு எந்த நிறையும் ஈடாகாது. பள்ளிக்கு என் தீர்ப்பு: வேண்டாம்.

கல்லூரிக்குத் தீர்ப்பு ஒற்றைச் சொல்லில் அடங்காது. இறுதியாண்டுத் திட்டப்பணிக் குழு, ஆய்வுக் கூடம், நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றைக் கட்டும் எந்த வேலையானாலும் ஸ்லாக் நல்ல தேர்வு, ஐயமில்லாமல். அங்கே அவர்கள் உண்மையாகவே ஒரு குழு. கருவியின் முன்னனுமானங்கள் அவர்களுக்குப் பொருந்துகின்றன. பேச்சின் வேகம் பயன் தருகிறது, பழைய பேச்சு மறைவதால் பெரிய இழப்பில்லை. முப்பது நாற்பது பேர் கொண்ட ஆய்வக வகுப்புக்கும் விருப்பப் பாடத்துக்கும் ஜூலிப்பை மேலே வைக்கிறேன். ஸ்லாக்குக்கும் டிஸ்கார்டுக்கும் அதற்கடுத்த இடம்தான், அதுவும் தேர்வுக்கு முன் உரையாடலை வெளியே எடுத்துத் தொகுத்துத் தர ஆசிரியர் ஆயத்தமாக இருந்தால். அறுபதைத் தாண்டிய விரிவுரை வகுப்புக்கு இந்த அரட்டைக் குடும்பம் முழுவதையும் மறுக்கிறேன். அங்கே பலகைதான் சரி: பியாஸா, அல்லது கல்லூரியில் ஏற்கெனவே இருந்து யாரும் சீந்தாத மூடில் மன்றம். மூடில் மன்றத்தின் தோற்றம் மந்தம், கைப்பேசியில் அது கடுப்பேற்றும். ஆனால் 2019இல் கேட்ட கேள்வி இன்றும் தலைப்போடு அங்கேயே இருக்கிறது.

ஜூலிப்புக்குக் கொடுத்த உயர்ந்த இடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் மேன்மை, செய்திகளை இடம் மாற்றித் தலைப்பைத் திருத்தும் பதிப்பாசிரியர் ஒருவர் இருப்பதில் தங்கியிருக்கிறது. நாற்பது பேர் வகுப்புக்கு அது நாளொன்றுக்கு அரைமணி நேர வேலை. நம் கல்லூரிகளின் பணிச்சுமைக் கணக்கில் விரிவுரை மணி ஏறும், ஆய்வக மணி ஏறும், விடைத்தாள் திருத்தும் நாள் ஏறும். இந்த அரைமணி ஏறாது. இரவு பத்தரைக்கு வரும் ஐயத்துக்கு மறுநாள் காலை பதில் சொன்னால் போதும் என்று எழுதிவைத்த விதியை எந்தத் துறையிலும் நான் கண்டதில்லை. ஆசிரியர் அவராகவே வகுத்துக்கொண்டால்தான் உண்டு. அரைமணி கணக்கில் ஏறி, நேர வரம்பு எழுத்தில் வரும் துறைக்கு ஜூலிப். இரண்டும் இல்லாத துறைக்கு, நாற்பது பேர் வகுப்பானாலும், மூடில் மன்றமே.